குடலின் அடிக்குழியில் சிவப்பு மணிகள்

நான் பார்க்கும் வேலையைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் பேசக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சட்டம் போட்டவர் என் கணவர். கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்தில், நோயாளிகளின் உடம்பிலிருந்து கிள்ளியெடுத்து அனுப்பும் சதைத் துணுக்குகளை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி, சாயம் ஏற்றிக் கொடுப்பது என் வேலை. இருபது வருடத்துக்கு மேலாகிறது. சீவி வரும் துணுக்கு வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லியது. வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை ஸ்லைடில் ஏந்த வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் யாராவது பேசினால் எனக்குக் கோபம் வரும். ஆய்வகத்தில் என் சாயத்துக்கு எவ்வளவு பெயர் உண்டோ, என் கோபத்துக்கும் அவ்வளவு பெயர் உண்டு.

வருவதில் பாதி குடல். சிறுகுடலா பெருங்குடலா என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். சில சமயம் எழுத மறந்துபோவார்கள். எனக்குச் சீட்டுத் தேவையில்லை. நுண்ணோக்கியில் வைத்து, குடல் சுவரின் குழிகளுக்கு அடியில் பார்ப்பேன். அங்கே கேழ்வரகு சிந்தியதுபோல் பளிச்சென்ற சிவப்பு மணிகள் தெரிந்தால் பெரும்பாலும் சிறுகுடல். போத்தனூரிலிருந்து பஸ்ஸில் வரும்போது எந்த ஸ்டாப் என்று கடையின் போர்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வேனே, அந்த மாதிரிதான். அந்தக் கடையில் என்ன விற்கிறார்கள் என்று இறங்கிப் பார்த்ததில்லை.

அந்த மணிகளால் எனக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. கிருமியை அழிக்கும் ஒரு புரதத்தைக் கண்டுபிடிக்க ஒரு தனிச் சாயம் உண்டு. நோயாளியின் துணுக்கில் அதை ஏற்றுவதற்கு முன், சாயம் ஒழுங்காகப் பிடிக்கிறதா என்று சோதிக்க ஒரு நல்ல சிறுகுடல் துண்டைக் கூடவே வைப்போம். அந்த மணிகள் பழுப்பாக மாறினால் சாயம் சரி. சரி என்று குறித்துவிட்டு அந்த ஸ்லைடை ஓரமாகத் தள்ளிவிடுவேன். எத்தனை நூறு ஸ்லைடுகளை அப்படித் தள்ளினேன் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

என் தங்கைக்கு எட்டு மாதம் முடிவதற்குள்ளேயே ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். எங்கள் மருத்துவமனை இல்லை, வேறொன்று. முதல் இரண்டு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். மூச்சு சீராக இருக்கிறது என்று மூன்றாம் நாள் தாயின் அறைக்குக் கொண்டுவந்தார்கள். என் முழங்கையிலிருந்து விரல்நுனி வரைக்குமான நீளம்தான் இருக்கும். காது, தாளில் வெட்டி ஒட்டியதுபோல் மடங்கிக் கிடந்தது. கொண்டுவந்து விட்ட நர்ஸ் கிளம்பும்போது கதவருகே நின்று சொன்னார்.

"அம்மா பால் மட்டுந்தானுங்க. பிழிஞ்சு சங்குல குடுக்கோணும். வேற எதுவும் வாயில வெக்கக் கூடாதுங்க. தண்ணிகூட."

சரிங்க சிஸ்டர் என்று எல்லாரையும் முந்திக்கொண்டு சொன்னது நான்தான்.

அவிநாசியிலிருந்து தங்கையின் மாமியார் வந்திருந்தார். நல்ல மனுஷி. தோட்டத்தில் ஆட்களுக்குக் கஞ்சி ஊற்றிவிட்டுத்தான் தான் சாப்பிடுவார். தங்கை குளியலறைக்குள் போன நேரம் பார்த்து, பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தை எடுத்தார். அதில் தேன். சத்தியமங்கலத்துப் பக்கம் மலையிலிருந்து வந்ததாம். எங்கள் பக்கத்தில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது வழக்கம். தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ விரலில் தொட்டு நாக்கில் வைப்பார்கள். யார் வைக்கிறார்களோ அவர்களுடைய குணம் குழந்தைக்கு வரும் என்று நம்பிக்கை. அதனால் யாரைக் கூப்பிடுவது என்று குடும்பத்தில் பெரிய யோசனையே நடக்கும்.

"அம்மணி, நீங்கதான் வெக்கோணும்னு ஊட்டுல எல்லாருஞ் சேந்து முடிவு பண்ணிப்போட்டம். படிச்சவங்க. கைவேலையில அத்தனை சுத்தம். புள்ளை உங்களையாட்டம் வரோணும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன். நர்ஸ் சொன்னது அப்போதும் என் காதில்தான் இருந்தது. குடலை வருடக்கணக்காகச் சீவுகிறவள் நான். வேண்டாம் என்று சொல்ல அந்த அறையில் யாருக்காவது தகுதி இருந்தது என்றால் எனக்குத்தான் இருந்தது. ஆனால் ஒரு சம்பந்தி வீடே கூடி, இவளைப் போல வரட்டும் என்று என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. ஒரு சொட்டுத்தானே என்று நினைத்தேன். நர்ஸ் வந்துவிடப் போகிறாரே என்று எழுந்துபோய்க் கதவைச் சாத்தியதும் நான்தான். சுண்டுவிரலில் தொட்டு வைத்தேன். குழந்தை என் விரலைச் சப்பியது. அத்தனை சின்ன வாய்க்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தங்கை வெளியே வருவதற்குள் கிண்ணம் பைக்குள் போய்விட்டது.

ஆறாம் நாள் குழந்தையின் வயிறு உப்பியது. பச்சையாக வாந்தி எடுத்தது. தொட்டால் வயிறு தோல் இழுத்துக் கட்டிய மேளம்போல் இருந்தது. அள்ளிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினார்கள். பாலை நிறுத்தினார்கள், மூக்கில் குழாய் விட்டார்கள், எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். குழந்தை டாக்டர் வெளியே வந்து, குடல் சுவர் புண்ணாகியிருக்கிறது என்றார். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும், கிருமி சுவருக்குள் புகுந்துவிடும், ஓட்டை விழாமல் இருந்தால் மருந்திலேயே சரியாகிவிடும், விழுந்தால் ஆபரேஷன் என்றார். அதற்கு மேல் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை.

"பால் தவிர வேற ஏதாச்சும் குடுத்தீங்களா? தேன், சக்கரைத் தண்ணி, கழுதைப்பால்?" பல பேரிடம் கேட்டுப் பழகிய வேகத்தில் கேட்டார்.

"இல்லீங்க டாக்டர். பால் மட்டுந்தானுங்க," என்றார் தங்கையின் கணவர். அன்றைக்கு அவர் அறையில் இல்லை. அவருக்குத் தெரியாது.

மாமியார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பேச வேண்டிய இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது என் ஆயுளில் அநேகமாக அது ஒரு தடவைதான். டாக்டர் தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை வேலைக்குப் போனேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது. அன்று அந்தத் தனிச் சாயம் ஏற்ற வேண்டிய நாள். சோதனைச் சிறுகுடலைச் சீவும்போது இரண்டு தடவை கிழித்தேன். எங்கள் பேத்தாலஜி டாக்டர், ஸ்லைடைப் பார்த்து நோய் சொல்பவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். சாயம் ஏறிய ஸ்லைடைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாய் தவறியதுபோல் கேட்டேன்.

"டாக்டர், இந்த மணியெல்லாம் எதுக்குங்க அங்க இருக்குது?"

அவர் சிரித்தார். "இத்தனை வருசங் கழிச்சா கேக்கறீங்க? உக்காருங்க அக்கா."

இரண்டு பேர் ஒரே சமயத்தில் பார்க்கும் நுண்ணோக்கி அது. எதிர்ப்பக்கம் உட்கார்ந்து கண்ணை வைத்தேன். முதலில் சாதாரணச் சாயம் ஏற்றிய ஸ்லைடை வைத்தார். குடலின் உள்சுவர் விரல் விரலாக எழுந்து நிற்கும். விரல்களுக்கு நடுவே ஆழமான குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் சில செல்கள், அவற்றுக்குள் சிவப்பு மணிகள். எனக்குப் பழகிய இடம்தான்.

"அந்த மணி ஒவ்வொண்ணும் ஒரு மூட்டைங்க அக்கா. உள்ள இருக்கிறது எல்லாம் கிருமியைத் தாக்கற புரதம். கிருமியோட வாடை பட்டாப் போதும், மூட்டையை அவுத்துக் குழிக்குள்ள கொட்டிரும். ஒரு புரதம் கிருமியோட சுவத்தை வெட்டும். அதேதான் நம்ம கண்ணீர்லயும் இருக்குது. இன்னொண்ணு கிருமியோட தோல்ல போய் ஒட்டிக் குத்தும். இதுக போக, மேல இருக்கிற சாதாரணக் குடல் செல்லும் ஒரு புரதம் செய்யுது. அதுல சில சேந்து கிருமியோட தோல்ல வட்டமா நின்னு, நடுவுல துளையாயிரும். அது வழியா கிருமி ஒழுகிச் செத்துப்போகும்."

"அப்படியிருந்தும் குடல்ல கோடி கோடியாக் கிருமி இருக்குதுன்னு சொல்றாங்களேங்க?"

"அதுதானுங்க விசேஷமே. அத்தனையுங் கொல்றதுக்கு இல்லீங்க. நமக்கு அதுக வேணும். சாப்பாட்டைச் செரிக்க வெக்குதுக. இந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லிக் குடலைப் பழக்கறதும் அந்த நல்ல கிருமிகதான். நடுவுல இரு, எம்பட சுவத்துக்கிட்ட மட்டும் வராதேன்னு குடல் சொல்லுது, அவ்வளவுதான். சுவத்தை ஒட்டி ஒரு சின்ன இடைவெளி எப்பவும் காலியா இருக்கும்."

பிறகு குடலின் ஓரத்துக்கு ஸ்லைடை நகர்த்தினார். அந்தச் சுவர் எவ்வளவு கனம் என்று பாருங்கள் என்றார். நான் பார்த்தேன். ஒரே ஒரு செல். வரிசையாக, பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி, ஒற்றை வரி. இந்தப் பக்கம் ரத்தம் ஓடுகிறது. அந்தப் பக்கம், இந்தக் குடல் உயிரோடு இருந்தபோது, எண்ணி முடியாத கிருமிக் கூட்டம் இருந்தது. நடுவில் இருப்பது ஒரு செல் மட்டும். அதுவும் நிரந்தரம் இல்லை, சில நாளில் உதிர்ந்து போகும். புதிய செல்கள் அந்தக் குழியின் அடியில்தான் பிறந்து மேலே ஏறி வருகின்றன. பிறக்கும் இடத்துக்கு இருபுறமும் சிவப்பு மணிச் செல்கள் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. தான் பிறக்கும் அறைக்கே காவல் வைத்திருக்கிறது குடல்.

அவிநாசியில் தேர் நிலையைவிட்டு அசையும்போது என்னையறியாமல் கண் கலங்கும். ஏன் என்று தெரியாது, அப்படி ஒன்று அசைகிறதே என்று. ஆய்வக நாற்காலியில் அன்று எனக்கு அதேபோல் ஆனது. அன்று காலை கேன்டீனில் தின்ற வடையோடு எத்தனை கிருமி எனக்குள் போயிருக்கும்? நான் யாரிடமும் காவல் கேட்கவில்லை. உள்ளே மூட்டைகள் தாமாக அவிழ்ந்திருக்கும். பிறந்ததிலிருந்து, தூங்கும்போதும், சண்டை போடும்போதும், பஸ்ஸில் சீட்டுக்கு முண்டும்போதும், என் உள்ளே அந்த ஓரம் சுத்தமாக இருந்திருக்கிறது. நன்றி சொல்லக்கூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அடுத்து, சோதனை ஸ்லைடை வைத்தார். குழிக்குக் குழி பழுப்புப் பொட்டுகள். நானே சீவி, நானே சாயம் ஏற்றியது. சரி என்று குறித்துத் தள்ளியவை எல்லாம் இதைத்தான் காட்டிக்கொண்டிருந்தன.

"எட்டு மாசத்துல பொறந்த குழந்தைக்கும் இது இருக்குங்களா டாக்டர்?"

அவர் கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

"கம்மியாத்தான் இருக்கும்ங்க அக்கா. வயித்துக்குள்ளயே ஆரம்பிச்சிரும். ஆனா கடைசி மாசங்கள்லதான் நல்லாப் பெருகும். அதுக்கு முன்னாடி பொறந்துட்டா, பாதி கட்டுன சுவரு மாதிரிதானுங்க. அதனாலதான் தாய்ப்பால், தாய்ப்பால்னு சொல்றது. இங்க பழுப்பாத் தெரியுதே, இதே புரதம் பால்லயும் இருக்குது. சீம்பால்ல இன்னும் என்னென்னமோ இருக்குது. குழந்தை சொந்தமாச் செய்யற வரைக்கும் அம்மா குடுத்து உடறதுங்க."

நான் எழுந்துவிட்டேன். பாதி கட்டிய சுவர். அதன் மேல் நான் என் சுண்டுவிரலை வைத்திருக்கிறேன். கைவேலையில் அத்தனை சுத்தம் என்று பெயர் வாங்கிய விரலை. மலையில் எந்த மரத்திலிருந்தோ எடுத்து, எந்தத் தகரத்திலோ வடிகட்டி, எந்தப் பாட்டிலிலோ வந்த தேனில் தொட்டு. உள்ளே அவ்வளவு சின்ன உடம்பு, இருக்கிற நாலு மூட்டையையும் அவிழ்த்துக் கொட்டிப் போராடிக்கொண்டிருக்கும். வெளியே நான் ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் வைத்துக்கொண்டு நிற்கிறேன். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அந்த மருத்துவமனைக்குப் போனேன். குழந்தை டாக்டரிடம் சொன்னேன். எந்த நாள், எவ்வளவு, எந்த விரல், கதவைச் சாத்தியது யார், எல்லாம். என்ன வேலை பார்க்கிறேன் என்பதையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுதிக்கொண்டார்.

"சொன்னது நல்லதுங்க. எங்களுக்குத் தெரிஞ்சிருக்கோணும். அதனாலதான் வந்துதுன்னு நான் சொல்ல மாட்டேன். அதனால இல்லைன்னும் சொல்ல மாட்டேன். தேன் தொடாத குழந்தைக்கும் இது வருதுங்க."

அந்தப் பதிலோடுதான் நான் இன்றுவரை இருக்கிறேன்.

பிறகு தங்கையின் அறைக்குப் போனேன். அவள் கட்டிலில் சாய்ந்து பால் பிழிந்துகொண்டிருந்தாள். குழந்தைக்குக் கொடுக்க முடியாத பால். முதல் நாள் முதலே பிழிந்ததைச் சின்னச் சின்ன ஊசிக்குழாய்களில் நிரப்பி, தேதி எழுதி ஒட்டி, நர்ஸ் கொண்டுபோய் உறையவைத்துக்கொண்டிருந்தார். அவளிடமும் முழுக்கச் சொன்னேன். மாமியாரைப் பற்றிச் சொல்லும்போது, அவர் கேட்டார், செய்தது நான் என்று சொன்னேன். அவள் பிழிவதை நிறுத்தவில்லை. பிழிந்து முடித்ததும், "நீங்க ஊட்டுக்குப் போங்கக்கா," என்றாள். பேச்சு வந்த நாளிலிருந்து அவள் என்னை நீ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. தினமும் வேலை முடிந்து அங்கே போவேன். அறைக்குள் போக மாட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். மாமியார் ஒருநாள் வந்து பக்கத்தில் நின்று, "எம்பட புத்திதானுங்க அம்மணி கெட்டுப்போச்சு," என்று அழுதார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஊரெல்லாம் எரிந்து விழுகிறவளுக்கு அந்த வாரம் யார் மேலும் கோபம் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. ஆனால் மருந்து மட்டும் வேலை செய்யவில்லை என்று எனக்கு இப்போது தெரியும். அந்தத் தோலுக்கு அடியில், ஒற்றைச் செல் கனத்தில், குழிக்குக் குழி புதுச் செல்கள் பிறந்து, கிழிந்த இடத்தை மூட ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று மணிகளாவது சிவந்திருக்கும். அதைப் பார்க்க எந்த ஸ்லைடும் கிடையாது. சாயம் இல்லாமலே என் கண்ணுக்கு அது தெரிந்தது. சாமியிடம் கேட்பதுபோல் அந்த மணிகளிடம் கேட்டுக்கொண்டேன்.

பாலை நிறுத்திய ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ படத்தில் குடல் தெளிவாக இருந்தது. வயிறு இளகியிருந்தது. பாலை ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். முதலில் உறையவைத்த சீம்பாலில் ஒரு துளியைப் பஞ்சுக்குச்சியில் எடுத்து உள்கன்னத்தில் தடவ வேண்டும். அன்றைக்குக் கதவருகே நின்று எச்சரித்த அதே நர்ஸ், குழாயை உருக வைத்து எடுத்து வந்தார். தங்கை நாற்காலியில் குழந்தையின் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் வழக்கம்போல் கண்ணாடிக்கு வெளியே. அவள் நர்ஸிடம் ஏதோ சொன்னாள். நர்ஸ் வந்து கதவைத் திறந்தார்.

"உங்களை வரச் சொல்றாங்கங்க."

உள்ளே போனேன். தங்கை என்னைப் பார்க்காமல் குழந்தையையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கையைக் கழுவிப்போட்டு வா. நீதான் வெக்கோணும்."

முழங்கை வரை கழுவினேன். நர்ஸ் போதும் என்று சொன்ன பிறகும் கழுவினேன். சீம்பால் வெளிர்மஞ்சளாக, கொஞ்சம் கெட்டியாக, பஞ்சு நுனியில் நின்றது. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் எத்தனையோ தடவை பழுப்பாக்கிப் பார்த்த அதே புரதமும் இருந்தது. குழந்தையின் உதட்டை விலக்கி உள்கன்னத்தில் தடவினேன். நாக்கு தேடி வந்து பஞ்சைத் தொட்டது.

தங்கை என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இந்தக் குழந்தை யாரைப் போல வரும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அந்தத் துளியில் என்னுடையது எதுவும் இல்லை, எல்லாமே குழந்தையின் அம்மாவுடையது. நான், சுத்தமாகக் கழுவிய ஒரு கை, அவ்வளவுதான்.